செல்லுஞ்செலவும் போதுமான கிருபையும்: பன்னிரண்டு வாரச் சீஷத்துவ வகுப்பு ஒன்றைக் குறித்த மதிப்புரை

கிறிஸ்துவைப் பின்பற்றி வாழக் கற்பிக்கும் ஒரு சீஷத்துவ வகுப்பை அண்மையில் முடித்தேன். இணையவழியில் பன்னிரண்டு வாரங்கள் நடந்தது அது. அதை நடத்துகிறவர்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதன் முதற்பாதியைக் குறித்து எனக்கு வருத்தம் உண்டு. அதைச் சொல்லப்போய், உண்மையாய் உழைத்த சிலரைப் பொதுவில் காயப்படுத்திவிடக் கூடாது என்பதே காரணம். மேலும், ஏறக்குறைய இதே வடிவில் பல சபைகளும் ஊழியங்களும் இன்று வகுப்புகளை நடத்துகின்றன. ஆகவே, நான் எழுதுவது எந்தச் சீஷத்துவப் பயிற்சியில் சேர நினைப்பவருக்கும் ஓரளவு பயன்படும் என்று நம்புகிறேன்.

வாரத்துக்கு ஒரு காணொளிப் பாடம், பயிற்சிநூலில் ஓர் அதிகாரம், ஜூம் வழியாக ஒன்றரை மணி நேரக் குழுக்கூடுகை என்பதே வகுப்பின் அமைப்பு. கட்டணம் இல்லை. ஒரு குழுவில் பன்னிரண்டு பேர். காணொளிகள் நாற்பது நிமிடம் நீள்கின்றன. பாதியாகக் குறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயிற்சிநூலின் தமிழ் சுத்தமானது, அச்சுப்பிழைகள் மிகக் குறைவு. இவற்றைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. வகுப்பின் உயிர் பயிற்சிநூலின் பின்னட்டையோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு மடிப்புத்தாளில் இருக்கிறது. அதன் நன்மையும் தீமையும் அந்தத் தாளில்தான் ஆரம்பிக்கின்றன.

அந்தத் தாளுக்குக் 'கணக்குத்தாள்' என்று பெயர். லூக்கா 14ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து "செல்லுஞ்செலவைக் கணக்குப்பார்க்க" வேண்டும் என்று ஆண்டவராகிய இயேசு சொன்ன உவமையிலிருந்து அந்தப் பெயரை எடுத்திருக்கிறார்கள். தாளில் ஏழு வரிசைகள்: உறவு, பணம், நேரம், நற்பெயர், மன்னிப்பு, எதிர்காலத் திட்டம், உடல்நலம். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். முதற்கட்டத்தில் "கிறிஸ்துவுக்காக இதில் எதை விட வேண்டியிருக்கிறது?" என்று எழுத வேண்டும், இரண்டாவதில் "கொடுக்க ஆயத்தமா?" என்ற கேள்விக்கு ஒரு குறி இட வேண்டும். தாளின் அடியில் மொத்த எண்ணிக்கையை எழுத ஓர் இடம். வாரந்தோறும் குழுவில் அந்த எண்ணிக்கையை வாசிப்பார்கள்.

நல்லதை முதலில் சொல்கிறேன். விலையைக் குறைத்துச் சொல்லும் வகுப்பு அல்ல இது. சீஷத்துவம் என்ற பெயரில், மன அமைதிக்கும் குடும்ப முன்னேற்றத்துக்கும் வழிகாட்டும் பாடங்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன எனக்கு, முதல் வாரப் பாடமே உலுக்கலாக இருந்தது. திரளான ஜனங்கள் தம்மோடு நடந்துவந்தபோது ஆண்டவர் திரும்பிப் பார்த்துப் பேசிய வார்த்தைகளைப் பாடம் வரிவரியாக எடுத்துக்கொண்டது. "எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்" என்று 26, 27, 33ஆம் வசனங்களில் மூன்று முறை வருகிறது. கூட்டம் பெருகும் நேரத்தில் கூட்டத்தைக் குறைக்கும்படியான வார்த்தைகளைப் பேசுகிறவர் அவர். பாடம் அந்தக் கடினத்தை மெழுகவில்லை.

சிலுவையைக் குறித்த விளக்கமும் நேர்மையானது. நாம் சிலுவையைக் கழுத்தில் அணிகிறோம், சுவரில் மாட்டுகிறோம். முதலில் அந்தச் சொல்லைக் கேட்டவர்களோ அதைத் தெருவில் பார்த்தவர்கள். ரோமரால் தண்டிக்கப்பட்டவன் தன் சிலுவையின் குறுக்குக்கட்டையைத் தானே சுமந்துகொண்டு, திரும்பிவராத பாதையில் நடந்துபோவதைக் கண்டவர்கள். "தன் சிலுவையை எடுத்துக்கொண்டு" என்று மத்தேயுவும் மாற்குவும் எழுதிய இடத்தில், லூக்கா மட்டும் "அனுதினமும்" என்று சேர்த்திருப்பதைப் பாடம் கவனமாகச் சுட்டிக்காட்டியது. ஒருநாள் உணர்ச்சிவேகத்தில் எடுத்த தீர்மானம் மறுநாள் காலையில் மறுபடியும் எடுக்கப்பட வேண்டியது என்பதை அந்த ஒற்றைச் சொல்லால் விளங்கவைத்தார்கள்.

"தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால்" என்ற வசனத்தைக் கையாண்ட விதத்தில்தான் எனக்கு முதல் குறை தோன்றியது. காணொளியில் பேசியவர் அதை விளக்காமல், குடும்பத்தைப் பகைத்துக்கொண்டு வந்தவர்களின் கதைகளை அடுக்கிக்கொண்டே போனார். மத்தேயு 10:37இல் இதே போதனை "என்னிலும் அதிகமாய்" நேசிப்பது என்ற வடிவில் இருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமானது. ஆதியாகமம் 29:31இல் எபிரெய மூலம் யாக்கோபின் மனைவி லேயாளை 'வெறுக்கப்பட்டவள்' என்று சொல்லும் இடத்தில், நம் வேதாகமம் "அற்பமாய் எண்ணப்பட்டாள்" என்றுதான் மொழிபெயர்த்திருக்கிறது. அதற்கு முந்தின வசனமே, யாக்கோபு ராகேலை அவளைவிட அதிகமாய் நேசித்தான் என்று காரணத்தைக் காட்டுகிறது. 'வெறுப்பது' என்ற சொல்லை, ஒருவரைவிட இன்னொருவரைக் குறைவாய் நேசிப்பது என்ற பொருளில் வேதம் ஒப்பிட்டுப் பேசும் இடங்கள் உண்டு. இந்த விளக்கத்தைக் கொடுக்காமல், வீட்டில் ஏற்கனவே கசப்போடு இருக்கும் இளைஞன் ஒருவனிடம் அந்த வசனத்தைக் கொடுப்பது ஆபத்தானது. தன் கோபத்துக்கு அவன் வேதத்தில் ஆதாரம் கண்டுபிடித்துவிடுவான்.

பெரிய குறை அந்த எண்ணிக்கையில்தான் இருந்தது. மூன்றாம் வாரக் கூடுகையில் எங்கள் குழுவில் எட்டுப் பேர் ஏழுக்கு ஏழு என்று வாசித்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். ஐந்தாம் வரிசையில், மன்னிப்பு என்பதற்கு எதிரே, என் அண்ணனுடைய பெயரை எழுதியிருந்தேன். எங்கள் தாயாரின் கவனிப்பைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்ட கடுமையான வார்த்தைகளுக்குப் பின் நான்கு ஆண்டுகளாக அவரோடு பேசவில்லை. அந்தப் பெயருக்கு எதிரேயும் குறியிட்டேன். குறியிடும்போது பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த வாரமே பேசிவிடுவேன் என்று உண்மையாகவே நினைத்தேன். நான்காம் வாரம் பேசவில்லை. ஐந்தாம் வாரமும் பேசவில்லை. ஏழுக்கு ஏழு என்று மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தேன். இறங்கிப்போகும் எண்ணை வாசிக்க யாருக்கும் துணிவு இல்லாத ஒரு சூழலை அந்தத் தாள் உண்டாக்கிவிட்டது. ஆறாம் வாரத்துக்குள் நான்கு பேர் வகுப்பைவிட்டு நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு அனுப்பிய செய்தியில், "எனக்குச் சீஷனாயிருக்கும் தகுதி இல்லை என்று தெரிந்துகொண்டேன்" என்று எழுதியிருந்தார். அந்த வரியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு பயிற்சி ஒருவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்து, அங்கேயே விட்டுவிடுமானால், அது எவ்வளவு வேதவசனங்களைப் போதித்திருந்தாலும் சுவிசேஷத்தைப் போதிக்கவில்லை.

வகுப்பு அங்கேயே முடிந்திருந்தால், யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன் என்று எழுதி நிறுத்தியிருப்பேன். எட்டாம் வாரம் முதல் நடந்ததே என் கருத்தை மாற்றியது.

அந்த வாரப் பாடம் மறுபடியும் லூக்கா 14க்கே போயிற்று. இம்முறை இரண்டாம் உவமை. 20,000 பேரோடு வருகிற அரசனை எதிர்க்க 10,000 பேரை மட்டுமே வைத்திருக்கும் அரசன், தன்னால் கூடாதென்று கண்டால், மற்றவன் தூரத்தில் இருக்கும்போதே ஸ்தானாபதிகளை அனுப்பிச் சமாதானம் கேட்பான். எங்கள் குழுவை நடத்தியவர் எழுபது வயதை நெருங்கும் ஒரு சகோதரி. நாங்கள் எல்லாரும் அவரை 'அம்மா' என்றுதான் அழைத்தோம். அவர் எங்களிடம் ஒரே கேள்வி கேட்டார்: "இந்த இரண்டு கதையிலும் கணக்குப் பார்த்தவனுக்குக் கையில் போதுமானது இருந்தது என்று எங்கே எழுதியிருக்கிறது?" அதற்கு எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. கணக்குப் பார்க்கச் சொன்னவர், முடிவில் கைநிறைய இருப்பதைக் காட்டும்படி கேட்கவில்லை. "தனக்கு உண்டானவைகளையெல்லாம்" விட்டுவிடும்படியே 33ஆம் வசனத்தில் கேட்கிறார். நேர்மையாகக் கணக்குப் பார்க்கிறவன் கட்டி முடிக்கத் தன்னிடம் வசதி இல்லை என்றுதான் கண்டுபிடிப்பான் என்றும், அந்தக் கண்டுபிடிப்புக்காகவே உட்காரச் சொல்லப்படுகிறான் என்றும் அம்மா சொன்னார். உவமைக்கு வேறு விளக்கங்கள் உண்டு என்பதை அறிவேன். ஆனால் அந்த அதிகாரத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதைப் பார்க்கும்போது, அவர் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. அதற்குச் சற்று முன்பு, ஏழைகளையும் ஊனரையும் அழைத்துவந்து உட்காரவைக்கும் பெரிய விருந்து. அதை அடுத்து 15ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆடு, வெள்ளிக்காசு, குமாரன். சீஷத்துவத்தின் விலையைப் பேசும் மிகக் கடினமான பகுதியை லூக்கா இலவசமான விருந்துக்கும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் தகப்பனுக்கும் நடுவில் வைத்திருக்கிறார்.

இதை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் வாதம். ஐசுவரியவானாகிய வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொல்லும் முன், "இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து" என்று மாற்கு 10:21 சொல்கிறது. அன்பு முன்னே வருகிறது; கட்டளை அதற்குப் பின்னே வருகிறது. அவன் துக்கத்தோடே போன பிறகு சீஷர்கள் கலங்கிக் கேட்டபோது, "மனுஷரால் இது கூடாததுதான், தேவனால் இது கூடாததல்ல" என்கிறார். பயிற்சிநூல் இரண்டாம் வாரத்தில் இந்தப் பகுதியை 22ஆம் வசனத்தோடு நிறுத்தியிருக்கிறது. ஐந்து வசனம் தள்ளி நிறுத்தியிருந்தால், அந்த நான்கு பேர் ஒருவேளை போயிருக்க மாட்டார்கள்.

கிருபையை, அதாவது தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவை, பற்றிய பாடங்களில் மிகச் சிறந்தது ஒன்பதாம் வாரம். கிருபை என்றால் தளர்வு என்று நினைப்பவர்களுக்கும், முயற்சி என்றால் கிருபைக்கு விரோதம் என்று நினைப்பவர்களுக்கும் அது ஒரே நேரத்தில் பதில் சொன்னது. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" என்று ரோமர் 6இல் பவுலே கேட்கிறார். தீத்து 2இல் கிருபை பிரசன்னமாகி நமக்குப் 'போதிக்கிறது' என்று எழுதுகிறார். கிரேக்கத்தில் அது பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பதைக் குறிக்கும் சொல். மன்னிக்கிற கிருபையேதான் பயிற்றுவிக்கிற கிருபையும். 1 கொரிந்தியர் 15:10இல் "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்று எழுதிய அதே மூச்சில், "நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே" என்று சேர்க்கிறார். இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடமும் பேசினார்கள். நீளமான காணொளியைப் பற்றி முதலில் குறைசொன்ன நான், இதை மூன்று முறை பார்த்தேன். "நீர் கட்டளையிடுகிறதைத் தாரும், பின்பு நீர் விரும்புகிறதைக் கட்டளையிடும்" என்ற, ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீனின் ஜெபத்தையும், அதைக் கேட்டு, மனித சித்தத்தின் பலத்தை வலியுறுத்திய பெலாகியு என்ற போதகர் கோபப்பட்டதையும், அந்தத் தர்க்கம் 418இல் கார்த்தேஜ் ஆலோசனைச் சங்கம் வரை சென்றதையும் சுருக்கமாகச் சொன்னார்கள். மனிதன் தன் சித்தபலத்தால் கட்டளைகளை நிறைவேற்ற முடியுமா என்ற கேள்வி எங்கள் கணக்குத்தாளுக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் மூத்தது என்பதை அறிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பத்தாம் வாரம் ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரைப் பற்றியது. சீஷத்துவத்தின் விலையைப் பேசுகிறவர்கள் அவரை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. பின்பற்றுதலைக் கேட்காத மலிவான கிருபை, வாழ்க்கையையே கேட்கும் விலையேறப்பெற்ற கிருபை என்ற அவருடைய வேறுபாட்டை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஹிட்லரின் ஆட்சிக்கு இணங்காத அறிக்கையிடும் திருச்சபைக்காக 1935 முதல் ஃபிங்கென்வால்டவில் போதகர் மாணவர்களைப் பயிற்றுவித்தவர் அவர். அந்தப் பயிற்சிக் கூடத்தை ஹிட்லரின் இரகசியப் போலீசாகிய கெஸ்டாப்போ மூடிய 1937ஆம் ஆண்டில்தான் சீஷத்துவத்தைப் பற்றிய அவருடைய நூலும் வெளிவந்தது. 1939இல் பாதுகாப்பாக நியூயார்க்கில் தங்க வாய்ப்பு இருந்தும் சில வாரங்களில் நாடு திரும்பினார். 1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். இவ்வளவையும் எல்லாரும் சொல்வார்கள். இந்த வகுப்பு அவருடைய சிறைக் கடிதம் ஒன்றையும் எடுத்துக்கொண்டது. ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோல்வியடைந்ததற்கு மறுநாள், 1944 ஜூலை 21 அன்று, தன் நண்பருக்கு எழுதிய கடிதம் அது. பரிசுத்த வாழ்க்கை போன்ற ஒன்றை வாழ முயன்று விசுவாசத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்று தான் ஒருகாலத்தில் நினைத்ததாகவும், அந்த நூல் அந்தப் பாதையின் முடிவில் எழுதப்பட்டது என்றும், எழுதியதில் இன்னும் நிலைத்திருந்தாலும் அதன் ஆபத்துகளை இப்போது தெளிவாகக் காண்பதாகவும் அதில் சொல்கிறார். விலையைப் பற்றி அவ்வளவு உறுதியாய் எழுதியவர், விலையைச் செலுத்திக்கொண்டிருந்த நாளில், தன்னை ஏதோ ஒன்றாக ஆக்கிக்கொள்ளும் முயற்சியையே விட்டுவிட்டுத் தேவனுடைய கரங்களில் விழுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்கள் மூன்றாம் வாரத்து எண்ணிக்கைகளை அந்தக் கடிதத்தோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

குழுக்கூடுகையின் தரம் முழுவதும் நடத்துகிறவரைப் பொறுத்தது. எங்களுக்கு அது பெரிய பேறாக அமைந்தது. குழுவில் ஒரு சகோதரி, தன் வீட்டில் நடக்கும் அடிதடியைத் தன் சிலுவையாக ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். அம்மா உடனே மறுத்தார். கிறிஸ்துவின் நிமித்தம் மனதார எடுத்துக்கொள்வதே சிலுவை என்றும், ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் கொடுமைக்கு அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது என்றும், பாதுகாப்பைத் தேடுவது அவிசுவாசம் அல்ல என்றும் தெளிவாகச் சொன்னார். கூடுகைக்குப் பிறகு அவரோடு தனியாகப் பேசி, உதவி கிடைக்கும் வழியையும் ஏற்பாடு செய்தார். இந்தப் பகுதி பயிற்சிநூலில் ஒரு வரிகூட இல்லை. அம்மா இல்லாத குழுவில் அந்தச் சகோதரிக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கவே கவலையாக இருக்கிறது. அடுத்த பதிப்பில் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

எட்டாம் வாரக் கூடுகை முடிந்ததும் நான் அம்மாவைத் தனியே அழைத்து, ஐந்தாம் வரிசையின் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, அந்தக் குறியை அழித்துவிடுங்கள். வெறுங்கட்டமாகவே அதை ஆண்டவருக்கு முன்பாக வையுங்கள். யோவான் 18ஐயும் 21ஐயும் சேர்த்து வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். இயேசுவை அறியேன் என்று பேதுரு மறுதலித்த இரவில் ஊழியக்காரர் குளிர்காய மூட்டியிருந்தது கரிநெருப்பு. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவனுக்காகப் போட்டிருந்ததும் கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. "காவலிலும் சாவிலும் உம்மைப் பின்பற்றிவர ஆயத்தமாயிருக்கிறேன்" என்று லூக்கா 22இல் முழுமனதோடு சொன்னவன் அவன். எங்கள் தாளில் ஏழு வரிசைகளிலும் குறியிட்டிருப்பான். அவன் விழுவதற்கு முன்பே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். அந்த இரண்டாம் நெருப்பின் அருகில், இன்னொரு வாக்குறுதியை அவனிடம் கேட்கவில்லை. அன்பாயிருக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, அவன் எப்படி மரிப்பான் என்பதையும் சொல்லி, "என்னைப் பின்பற்றி வா" என்றார். விலை ஒரு காசும் குறைக்கப்படவில்லை. விலையைச் செலுத்தப்போகிறவனோ தன்மேல் வைத்த நம்பிக்கையை இழந்தவனாக அங்கே உட்கார்ந்திருந்தான்.

கடைசி இரண்டு வாரங்கள் அவசரமாக முடிந்தன. மற்றவர்களைச் சீஷராக்குவதைப் பற்றிய பாடங்கள் அவை. அதற்கே தனியாக ஒரு வகுப்பு தேவை. பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அது இல்லாமலே இருந்திருக்கலாம்.

யாருக்கு இது ஏற்றது? விசுவாசத்தில் சில ஆண்டுகள் நடந்து, தன் வாழ்க்கை எதையும் இழக்காமலே சுமுகமாகப் போகிறதே என்று உள்ளூர உறுத்தல் உள்ளவருக்கு ஏற்றது. குற்ற உணர்வால் ஏற்கனவே நொறுங்கியிருப்பவர், எட்டாம் ஒன்பதாம் வாரப் பாடங்களை முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் முதல் வாரத்துக்குப் போகலாம். பதிவுகள் எல்லாம் ஆரம்பத்திலேயே திறந்திருப்பதால் அது முடியும். சேர்ந்தவர் யாராயினும் ஆறாம் ஏழாம் வாரத்தில் விட்டுவிடாதிருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நடத்துகிறவர்களுக்கு என் விண்ணப்பம்: எண்ணிக்கையை வாசிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள், தாளின் அடியில் மொத்தம் எழுதும் இடத்தில் "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வசனத்தை அச்சிடுங்கள், நின்றுபோனவர்களைத் தேடிப் பேசுங்கள். இந்தக் கடைசி வேலையை எங்கள் குழுவில் அம்மா தாமாகவே ஆரம்பித்துவிட்டார். நான்கு பேரில் இருவர் அடுத்த வகுப்பில் மறுபடியும் சேர்ந்திருக்கிறார்கள். தகுதி இல்லை என்று எழுதியவர் அவர்களில் ஒருவர்.

என் தாளின் ஐந்தாம் வரிசையில் இன்னும் குறி இல்லை. வகுப்பு முடிந்த பதினோராம் நாள் அண்ணனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வாயில் வரவில்லை. "அண்ணா, நான்தான்" என்று மட்டும் சொன்னேன். "தெரியுதுடா" என்றார். எங்கள் தாயார் தூங்கிவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை, விழித்துத்தான் இருக்கிறார்கள் என்று சொல்லி, அலைபேசியை அவர்கள் கையில் கொடுத்தார்.